ஒன்றரை நொடிச் சிரிப்பு

அந்தத் தொலைக்காட்சிப் போட்டியில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். பன்னிரண்டு பேருக்கும் சினிமா இயக்குநராக வேண்டும். வாரத்துக்கு ஒரு தலைப்பு கொடுப்பார்கள்; ஐந்து நாளில் மூன்று நிமிடப் படம் ஒன்றை எடுத்துக்கொண்டு வர வேண்டும். முடிவில் பாதி நடுவர்கள் கையில், மீதிப் பாதி வீட்டில் உட்கார்ந்து பார்ப்பவர்கள் கைப்பேசியில் போடும் ஓட்டில். ஞாயிறு மாலை ஏழு மணிக்கு ஒளிபரப்பு.

படப்பிடிப்பு பழைய மரச்சாமான் கிடங்கு ஒன்றில் நடந்தது. அதன் மூன்றாவது மாடியில், ஜன்னல்களில் கறுப்புத் துணி அடித்த அறையில் நிகழ்ச்சியின் எடிட்டர் உட்கார்ந்திருந்தாள். முப்பத்துநான்கு வயது. ஒன்பது காமிராக்கள் நாள் முழுக்க எடுத்துத் தள்ளுவதை வாரத்துக்கு ஐம்பது நிமிடமாகச் சுருக்குவது அவள் வேலை. போட்டியாளர்களில் யாருக்கும் அவளைத் தெரியாது. அவளுக்கு அத்தனை பேரையும் தெரியும். யார் பொய் சொல்லும்போது காதைத் தொடுவார்கள், யார் தட்டில் வெங்காயத்தை ஒதுக்கி வைப்பார்கள், யார் காமிரா அணைந்துவிட்டது என்று நினைத்துத் தனக்குத்தானே பேசிக்கொள்வார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

போட்டியாளர்களில் மூத்தவரைக் கண்ணாடி அக்கா என்று கூப்பிட்டார்கள். நாற்பத்தாறு வயது. மூக்குக்கண்ணாடிக் கடையில் பதினெட்டு வருடமாக வேலை. முதல் வாரம் அவர் எடுத்த படத்தில் ஒரு மனிதர் கடைக்கு வந்து எல்லா பிரேமையும் போட்டுப் பார்த்துவிட்டு, ஒன்றும் வாங்காமல், சந்தோஷமாகக் கிளம்பிப் போவார். அவ்வளவுதான் கதை. நடுவர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

இளையவன் மின்னல். பார்சல் கொண்டு கொடுக்கிற வேலை, இருபத்துமூன்று வயது. மூச்சு விடாமல் பேசுவதால் அந்தப் பெயர். கண்ணாடி அக்காவும் அவனும் ஒட்டிக்கொண்டார்கள். அவன் எழுதியதை அவர்தான் முதலில் படிப்பார்.

"ஏம்ப்பா, இத்தனை பேர் இவ்வளவு பேசுனா எவன் கேப்பான்? பாதி வசனத்தை அடி."

"எந்தப் பாதியக்கா?"

"எது உனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கோ அது."

ஆறாவது வாரம் மின்னலின் படத்தில் கடைசி ஒரு நிமிடத்துக்குச் சத்தமே பதிவாகவில்லை. அவன் கவனிக்காமல் விட்டிருந்தான். நடுவர்களில் ஒருவர், "இது படம் இல்ல, அலட்சியம்" என்று முகத்தில் அடித்தாற்போல் சொன்னார். மின்னல் மேடையை விட்டு இறங்கிப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதான். மறைத்துக்கொள்ளாத அழுகை. கண்ணாடி அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்து அவன் முதுகில் கை வைத்துக்கொண்டார். அவன் அழுது முடிக்கிற வரை எடுக்கவில்லை. 

வெள்ளிக்கிழமை மதியம் தயாரிப்பாளர் எடிட்டிங் அறைக்கு வந்தார். அதுவரை கோத்ததைப் பார்த்தார்.

"என்னம்மா, சப்புன்னு இருக்கு?"

"பையன் அழறான் சார்."

"அழறது இருக்கு. அந்தம்மா ஆறுதல் சொல்றதும் இருக்கு. அப்புறம்? எல்லாரும் நல்லவங்களா இருந்தா ஜனங்க சேனலை மாத்திடுவாங்க. யாராவது ஒருத்தர் சிரிச்சா எப்படி இருக்கும்?"

"யாரும் சிரிக்கல சார்."

"ஆறு வாரமா எடுக்கறோம். எங்கேயாவது சிரிச்சிருப்பாங்கல்ல? அந்தக் கண்ணாடிக்காரம்மா சிரிச்சா நல்லா இருக்கும். யாருமே எதிர்பார்க்க மாட்டாங்க."

அவர் போய்விட்டார். அவள் மறுக்கவில்லை. மறுக்கலாம் என்பதே அப்போது தோன்றவில்லை என்பதுதான் உண்மை. கேட்டதைத் தேடிக் கொடுப்பது அவள் வேலை, எட்டு வருடமாக அதைத்தான் செய்துவந்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள். நாலு மணிக்குக் கிடைத்தது. முந்தின வாரத்து டீ இடைவேளை. கண்ணாடி அக்கா டம்ளரைக் கையில் வைத்தபடி எங்கேயோ பார்த்து உதட்டோரமாகச் சிரிக்கிறார். ஒன்றரை நொடி.

முதுகில் கை வைத்த காட்சியை வெட்டி நீக்கினாள். மின்னல் அழுவது, அக்கா சிரிப்பது, மறுபடி மின்னல் அழுவது என்று வைத்தாள். கீழே வயலினின் ஒரே ஒரு இழுப்பு. கச்சிதமாக உட்கார்ந்தது. வேலை சுத்தமாக வந்திருக்கிறது என்று அவளுக்கு ஒரு திருப்திகூட இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவள் அம்மா நிகழ்ச்சியைப் பார்த்தாள். அம்மாவும் மகளும் மட்டும் இருக்கிற வீடு. அம்மா ஒரு வாரமும் விட்டதில்லை.

"அடிப்பாவி! புள்ள அங்க தேம்பித் தேம்பி அழுவுது, இவ சிரிக்கிறா பாரு. நான் இவளுக்குப் போயி அஞ்சு வாரம் ஓட்டுப் போட்டேனே!"

மகள் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டாள்.

"உனக்கு முன்னாடியே தெரியுமாடி? இவ இப்படிப்பட்டவன்னு?"

"வேலையைப் பத்தி வெளிய பேசக் கூடாதும்மா. கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன்."

"நான் என்ன வெளியாளா?"

மறுநாள் அந்தச் சிரிப்பு எல்லோர் கைப்பேசியிலும் இருந்தது. அதற்குக் கீழே ஜனங்கள் வாய்க்கு வந்ததை எழுதினார்கள். அடுத்த வாரம் நடுவர்கள் கண்ணாடி அக்காவுக்குத்தான் அதிக மதிப்பெண் போட்டார்கள். ஓட்டு விழவில்லை. வெளியே போனார். போகிறவர்கள் காமிரா முன்னால் இரண்டு நிமிடம் பேசுவது வழக்கம். அவர் பத்து நொடிதான் பேசினார்.

"அவன் அழுத அன்னிக்கு நான் பழுப்பு பிரேம் கண்ணாடி போட்டிருந்தேன். சிரிக்கிறதுல கறுப்பு பிரேம் இருக்கு. பாருங்க."

தயாரிப்பாளர் அதை எடுத்துவிடச் சொன்னார். எடுக்கும் முன் அவள் இரண்டு காட்சிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அக்கா சொன்னது சரி. அன்று மேடையில் பழுப்பு, சிரிப்பில் கறுப்பு. லட்சம் பேர் பார்த்து ஒருவர்கூடக் கவனிக்கவில்லை. அவளே கவனிக்கவில்லை. அந்தப் பத்து நொடியை வெட்டினாள். "எல்லாருக்கும் நன்றி" என்று அக்கா எப்போதோ சொன்னதை அங்கே வைத்தாள்.

போட்டி முடிந்தது. மின்னல் இரண்டாவதாக வந்தான். ஒரு கம்பெனி அவனைக் கூப்பிட்டு விளம்பரப் படம் எடுக்கக் கொடுத்தது.

நாலு மாதம் கழித்து அம்மா தன் கண்ணாடியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். புதிது போட வேண்டியிருந்தது. பக்கத்துத் தெருவிலேயே கடை இருந்தது. மகள் அங்கே போகாமல் இரண்டு பஸ் மாறி கண்ணாடி அக்கா வேலை செய்கிற கடைக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே போய் என்ன செய்வதாக நினைத்தாள் என்று கேட்டால் அவளால் சொல்ல முடிந்திருக்காது.

முன்பக்கம் ஆள் இல்லை. மணியை அழுத்தியதும் உள்ளே லென்ஸ் தேய்க்கும் இயந்திரம் நின்றது. கண்ணாடி அக்கா ஈரக் கையைத் துடைத்தபடி வெளியே வந்தார். டி.வி.யில் பார்த்ததைவிட உயரம் குறைவு.

"கவுண்டர்ல இருக்கற பொண்ணு இன்னிக்கு லீவு. உக்காருங்கம்மா. டாக்டர் சீட்டு கொண்டு வந்திருக்கீங்களா?"

அம்மா உட்காரவில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள்.

"நீ அந்த டி.வி.யில வந்தவதானே? அந்தப் புள்ள அழும்போது சிரிச்சியே?"

அக்காவின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. பழகிப்போன கேள்வி.

"ஆமாம்மா, நான்தான். ஆளுங்க இப்படிக் கேக்கறாங்கன்னுதான் ஓனர் என்னை உள்ள போட்டுட்டாரு. வேற ஆள் வேணும்னா நாளைக்கு வாங்க."

"வேற கடைக்கே போறோம். வாடி."

மகள் நகரவில்லை.

"அம்மா, அவங்க சிரிக்கல."

"என் ரெண்டு கண்ணால பாத்தேன்."

"நான்தான் அதை அங்க வெச்சேன். வேற நாள் எடுத்தது. நான்தான் அந்த புரோகிராமுக்கு எடிட்டர்" என்றாள். கடைசி வாக்கியம் அக்காவைப் பார்த்து.

அம்மா மகளைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள், பிறகு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

அக்கா திட்டுவார் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். அக்கா கவுண்டர் மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, "எதைப் பாத்து சிரிச்சேன்?" என்று கேட்டார்.

"என்ன?"

"அந்தச் சிரிப்பு. எதைப் பாத்து சிரிச்சேன்னு உங்களுக்குத் தெரியும்ல? முழுசா பாத்திருப்பீங்கல்ல?"

"டீ பிரேக்ல. லைட் போடற அண்ணன் ஒரு கால்ல தன்னோட செருப்பு, இன்னொரு கால்ல வேற யாரோடதோ போட்டுக்கிட்டு நடந்து போனாரு. அவருக்கே தெரியல. நீங்க அதைப் பாத்தீங்க."

அக்கா மெதுவாக மூச்சு விட்டார். "ஆமா. ஒண்ணு நீலம். ஆமா, ஆமா." பிறகு சொன்னார்: "அஞ்சாறு மாசமா யோசிச்சுப் பாக்கறேன், ஞாபகமே வரல. பிரேம் வேறன்னு நான்தான் கண்டுபிடிச்சேன். ஆனா எல்லாரும் சொல்லச் சொல்ல எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. எங்க வீட்டுக்காரர் சொன்னாரு, 'உனக்கே தெரியாம சிரிச்சிருப்ப, விடு'ன்னு. கோபமா சொல்லல, ஆறுதலாத்தான் சொன்னாரு. அன்னிலேருந்து ராத்திரி சாப்பிடறப்ப அவர் முகத்தைப் பாக்க முடியல."

கைப்பேசியை எடுத்து எண்ணை அழுத்தி அவளிடம் நீட்டினார்.

"ஒரு நிமிஷம் பேசுங்க. எங்கிட்ட சொன்னதை அவர்கிட்ட சொல்லுங்க."

அவள் வாங்கினாள். அந்தப் பக்கம் இரைச்சலான ஏதோ ஒரு பட்டறை. பெயர் தெரியாத ஒரு மனிதரிடம், தான் யார், என்ன செய்தாள், எந்த நாள் எடுத்ததை எந்த நாளில் வைத்தாள் என்று வரிசையாகச் சொன்னாள். செருப்பையும் சொன்னாள். அவர் குறுக்கே பேசவில்லை. 

"சரி. அவகிட்ட குடுங்க" என்றார்.

அக்கா கைப்பேசியோடு உள்ளே போனார். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார். அம்மாவை உட்காரவைத்து, கண்ணுக்குக் கண் எவ்வளவு தூரம் என்று அளந்து, காதுக்குப் பின்னால் இடிக்கிறதா என்று இரண்டு தடவை கேட்டு, ஒரு பிரேமைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். அம்மா கேள்வி கேட்காமல் தலையைக் காட்டினாள்.

கிளம்பும்போது அக்கா, "மின்னல் என் போனை எடுக்கறதே இல்ல. அவன்கிட்டயும் சொல்லிடுங்க. நான் சொன்னா நம்ப மாட்டான்" என்றார்.

பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள். இறங்க வேண்டிய இடத்துக்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "வேற யாரையெல்லாம் இப்படிப் பண்ணியிருக்க?" மகள் பதில் சொல்லத் தொடங்கினாள். பட்டியல் நீளமாக இருந்தது. அம்மா பாதியில் போதும் என்று கையைக் காட்டினாள்.

மறுநாள் மின்னலைக் கூப்பிட்டாள். அவன் எங்கேயோ படப்பிடிப்பில் இருந்தான். அவள் விஷயத்தைச் சொல்லி முடிக்கும் முன்பே, "தெரியும்க்கா" என்றான்.

"என்ன தெரியும்?"

"அவங்க சிரிக்கலைன்னு. என் முதுகுல கை வெச்சிருந்தாங்களே. எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் ஒரு வார்த்தை சொல்லல? உன்கிட்ட எல்லாரும் கேட்டாங்களே."

அவன் அங்கே யாரிடமோ "ரெண்டு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு ஒதுங்கிப் போனான். பிறகு, "அந்த வாரம்தான் எனக்கு ஓட்டு ஏறுச்சு. அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். அப்புறம் அப்புறம்னு போயிடுச்சு. இப்ப எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு அவங்க போனை எடுக்கறது?" என்றான்.

மூன்று நாள் கழித்து அம்மாவின் கண்ணாடியை வாங்க அவள் மட்டும் போனாள். வழியெல்லாம் இதைச் சொல்வதா வேண்டாமா என்று யோசித்தாள். மறைத்துவிட்டால் அதுவும் ஒரு வெட்டுத்தான். சொன்னாள்.

அக்கா கண்ணாடியை மென்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பதை நிறுத்தவில்லை.

"தெரிஞ்சும் சும்மா இருந்தானா." இன்னொரு பக்கத்தைத் துடைத்தார். "ஜெயிக்க வந்தவன். நானும் ஜெயிக்கத்தான் வந்தேன். அவன் இடத்துல நான் இருந்தா சொல்லியிருப்பேன்னு அடிச்சுச் சொல்ல முடியல. ஆனா வலிக்குது. சிரிச்சேன்னு ஊரே சொன்னப்பகூட இவ்வளவு வலிக்கல."

"நீங்க அடுத்து படம் எடுத்தா நான் எடிட் பண்ணித் தரேன். எவ்வளவு நாளானாலும் சரி" என்றாள் அவள்.

"வேணாம்." கோபம் இல்லாமல்தான் சொன்னார். "நானே கத்துக்கறேன்."

அடுத்த ஆண்டுப் போட்டிக்குத் தயாரிப்பாளர் அவளைக் கூப்பிட்டார். மூன்றாவது வாரம் ஒரு கோபப் பார்வை வேண்டும் என்றார். அப்படி எதுவும் இல்லை என்றாள். அவர் விவாதிக்கவில்லை, பக்கத்து அறை எடிட்டரிடம் கொடுத்தார். அரை மணி நேரத்தில் அவன் கண்டுபிடித்துவிட்டான். அந்த மாதக் கடைசியில் அவள் வேலையை விட்டாள். இப்போது பள்ளிப் பாடங்களுக்கு வீடியோ தயாரிக்கும் சிறிய நிறுவனம் ஒன்றில் இருக்கிறாள். அங்கே ஜன்னலுக்குத் துணி இல்லை, மதியத்தில் திரையில் வெயில் விழுகிறது.

கண்ணாடி அக்கா எட்டு மாதம், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும், கடையிலேயே ஒரு படம் எடுத்தார். பதினோரு நிமிடம். வீட்டுக்காரர்தான் விளக்குப் பிடித்தார். அக்காவே இணையத்தில் கற்றுக்கொண்டு வெட்டி ஒட்டினார். இணையத்தில் போட்டபோது ஆயிரத்துச் சொச்சம் பேர் பார்த்தார்கள். கீழே சிலர் பழைய விஷயத்தை எழுதினார்கள். பெரும்பாலோர் படத்தைப் பற்றி எழுதினார்கள்.

அவள் அதை மதிய உணவு இடைவேளையில் பார்த்தாள். நல்ல படம். ஒரு இடத்தில் மட்டும் வெட்டு தாமதமாக விழுந்திருந்தது. அதைச் சொல்ல நீளமாக ஒரு செய்தி எழுதி அழித்தாள். பிறகு ஒரே வரியாக அனுப்பினாள்: "படம் பிடிச்சிருக்கு. ஒரு வெட்டு லேட்."

பதில் மாலையில்தான் வந்தது.

"எந்த இடம்?"

அவள் படத்தை மறுபடி ஓட்டி, நிமிடத்தையும் நொடியையும் குறித்து அனுப்பினாள்.