ஓட்டைப் பையும் பொன் துண்டும்

வேலை முடிந்து தேநீர் அறையில் சரிந்து உட்கார்ந்த ரைகுல் கோட்டுப் பைக்குள் கையை விட்டாள். விரல்கள் பையின் அடியைத் தாண்டி வெளியே வந்தன.

அந்தக் கோட்டில் பையே இருக்கக் கூடாது. டைட்டானியம் பொறுக்கும் பெண்களுக்குப் பைகளின் வாயைத் தைத்துத்தான் ஆலை கோட்டு கொடுக்கும். அவர்கள் வீட்டுக்குப் போய்த் தையலைப் பிரித்துவிடுவார்கள். எல்லாம் கல்யாணத்துக்காகத்தான். எங்கள் ஆலை ஊரான ஒஸ்கெமெனில் பெண்ணும் மாப்பிள்ளையும் வாசலுக்கு வந்ததும் மிட்டாயும் சில்லறையும் தூவுவோம். ஷாஷு என்போம், பொறுக்கிக்கொண்டு போனால் வீட்டுக்கு நல்லது. ஆலையில் வேலை செய்கிறவர் வீட்டுக் கல்யாணத்தில் அதோடு நாலு பொன் துண்டும் விழவில்லையென்றால் ஊர் வாய் சும்மா இருக்காது. ரைகுலின் மகள் தோக்ஜானுக்கு வருகிற சனிக்கிழமை கல்யாணம்.

பொன் துண்டு என்றால் பொன் இல்லை. சாம்பல் நிற டைட்டானியம் கட்டிகள் விளக்கின் கீழ் பெல்ட்டில் நகர்ந்து வரும். சூட்டில் காற்றுப் பட்டுக் கெட்டவை மட்டும் மஞ்சளாக மின்னும். அவற்றைப் பொறுக்கி, மூடிபோட்ட சிவப்புத் தொட்டியில் போட வேண்டும். தப்பிப் போனால், அலுமினியமும் வனேடியமும் சேர்த்து உருக்கும்போது அது மட்டும் உருகாமல் கல்லாக உள்ளே உட்கார்ந்துகொள்ளும். அந்தக் கலவையில்தான் விமான எஞ்சினின் சுழலும் தட்டைச் செய்கிறார்கள். என்றைக்காவது அந்த இடத்தில் தட்டு விரிசல் விடும்.

"ராய்சா, மோசம் போயிட்டேன். பையில வெச்சிருந்த மஞ்சள் துண்டக் காணோம்."

ராய்சா அந்த ஷிப்டின் தலைவி, ரைகுலின் பல வருடத் தோழி. இரண்டு பேரும் முட்டிபோட்டுத் தரையெல்லாம் தேடினார்கள். கிடைக்கவில்லை.

"பெல்ட்டுல விழுந்திருந்தா?"

"விழுந்திருக்காதுடி. வாய மூடிக்கிட்டுப் போய்த் தூங்கு. அவசர ஆர்டர்னு ஞாயித்துக்கிழமைகூட இல்லாம எல்லாரும் கண்ணு அவிஞ்சு பொறுக்குன சரக்கு. நீ சொன்னேன்னு வை, மொத்தமும் போச்சு. உன் பொண்ணு கல்யாணத்துக்கு ஒருத்தி வரமாட்டா."

"சம்பந்தி வீட்டுக்காரங்க அல்மாட்டியிலேருந்து விமானத்துலதான் வர்றாங்க."

"அது பழைய விமானம். உன் துண்டு அதுல இருக்காது."

"அதுவும் எவளோ ஒருத்தி ஒழுங்காப் பொறுக்குனதாலதானே பறக்குது?"

ராய்சா கண்ணைக் கசக்கிக்கொண்டாள். ரைகுல் எழுந்து அலுவலறைக்குப் போனாள்.

தரம் பார்க்கும் எர்கெபுலான், மேசையில் கவிழ்ந்திருந்த தலையைத் தூக்கி, ரைகுல் சொன்னதைக் கேட்டுக்கொண்டான்.

"மறுபடி ஒருதடவ பொறுக்கிப் பாத்துடலாமா தம்பி?"

"இந்தக் கண்ணுங்கள வெச்சிக்கிட்டா அக்கா?"

விமானத்துக்கென்று பொறுக்கிய சரக்கு எஃகு ஆலைக்குச் சேர்மானமாகப் போனது. ரைகுலை டிரம் கழுவும் இடத்துக்கு மாற்றினார்கள். பெண்கள் யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டவும் அவர்களுக்குத் தெம்பில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கழற்றினாள். உள்ளே இருந்த கம்பளி உறையின் மடிப்பிலிருந்து பொன் துண்டு தரையில் விழுந்தது. ரைகுல் முதலில் சிரித்தாள், பிறகு அழுதாள். அப்புறம்தான் போனை எடுத்தாள்.

"தம்பி, கிடைச்சிருச்சு! பூட்ஸுக்குள்ள இருந்திச்சு. சரக்குல விழல!"

"அக்கா, இதுதான் அதுன்னு நான் எப்படி எழுதிக் கொடுக்கறது? என் கல்யாணத்துல தூவினதே எங்க வீட்டு அலமாரியில மூணு கிடக்கு. இந்த ஊர்ல மஞ்சள் துண்டு இல்லாத வீடு எது, சொல்லுங்க?"

அவள் ஜன்னலைப் பார்த்தாள். ஷாஷுவுக்கென்று சேர்த்த துண்டுகள் அங்கே ஒரு தட்டு நிறைய மின்னிக்கொண்டிருந்தன. அவன் சொன்னது நியாயம்தான். அதுதான் தாங்க முடியவில்லை. மறுநாள் தட்டோடு கொண்டுபோய் எல்லாவற்றையும் சிவப்புத் தொட்டியில் கொட்டினாள்.

சனிக்கிழமை சம்பந்தி வீட்டார் பத்திரமாக வந்து இறங்கினார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் வாசலுக்கு வந்தார்கள். ரைகுலின் கண் தெருமுனையிலேயே இருந்தது. ஆலையிலிருந்து ஒருத்தியையும் காணோம். இனியும் நிற்க முடியாது என்று இரண்டு கையாலும் அள்ளித் தூவினாள். வெறும் மிட்டாய், சில்லறை.

கூட்டம் குனிந்தது. அப்போதுதான் கவனித்தாள், ஷிப்ட் முடிந்து நேராக வந்த ஆலைப் பெண்கள் கூட்டத்துக்குப் பின்னால் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். மற்ற மிட்டாய்களைத் தள்ளிவிட்டு, பொன் காகிதம் சுற்றியதை மட்டும் அவர்கள் கைகள் தாமாகவே எடுத்தன. எடுத்த பிறகுதான் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

ராய்சா நேராக வந்து ரைகுலின் வெல்வெட் மேலங்கிப் பைக்குள் கையை விட்டு அடிவரை துழாவினாள்.

"இதுல ஓட்டை இல்லையே?"

"இல்ல," என்றாள் ரைகுல்.

"அப்ப சரி," என்று பொன் காகித மிட்டாய்களை எல்லாரிடமிருந்தும் வாங்கி, அந்தப் பைக்குள் போட்டாள் ராய்சா.