இழுப்பறையில் கிடந்த தாள்கள்

எந்தப் பாடமானாலும் கடைசி ஐந்து நிமிடம், புரிந்ததைப் பிள்ளைகள் சொந்த வார்த்தையில் எழுதித் தர வேண்டும் என்று தலைமையாசிரியை உத்தரவு போட்டார். "வேதியியலுக்கு எதுக்குங்க கட்டுரை?" என்று எகிறினேன். எழுத வைத்தேன், படிக்கவில்லை. மூன்று நாள் முன்பு அமிலப் பாடத்தில் எழுதிய தாள்கள் என் இழுப்பறையில் அப்படியே கிடந்தன.

இன்று ஆய்வகத்தில் அமிலத்தை நீர்க்க வைக்கும் செய்முறை. மணியடித்ததும் தொடங்கிவிடும்படி உதவியாளரிடம் சொல்லியிருந்தேன். ஆசிரியர் அறையில் பொழுது போகாமல் ஒரு தாளை எடுத்தேன். 'அமிலத்தில் தண்ணீரை ஊற்ற வேண்டும்.' தலைகீழ். அப்படி ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். அடுத்த தாளிலும் அதே. அதற்கடுத்ததிலும் அதே. ஒரு பிள்ளை தப்பாக எழுதலாம். இத்தனை பேர் ஒரே தப்பை எழுதினால், சொன்னவள் நான்தான்.

மணி அடித்தது.

ஒரு செருப்பு படியிலேயே கழன்று கிடக்க, ஓடினேன். "யாரும் ஊத்தாதீங்க!"

கடைசி மேசையில் ஒருத்தி தண்ணீர்க் குவளையைத் தூக்கியிருந்தாள். அவள் மணிக்கட்டைப் பக்கத்திலிருந்தவள் இறுகப் பிடித்திருந்தாள்.

"தப்புன்னு தெரிஞ்சா அன்னிக்கே சொல்றதுக்கென்ன?" என்று பிடித்திருந்தவள் மீதே பாய்ந்தேன்.

அவள் பிடியை விடாமலே சொன்னாள்:

"உங்ககிட்ட வாயத் திறக்க பயம் டீச்சர். அதான் எழுதிக் குடுத்தேன். மூணு நாளா பாத்துட்டே இருந்தேன், நீங்க ஒண்ணுமே சொல்லல."