பித்தளைக் கழுத்து

குறி அட்டையில் விழுந்த ஐந்து ஓட்டைகளும் நீளமாக இருந்தன. குண்டு நேராகப் போனால் ஓட்டை வட்டமாக விழும். என் குண்டுகள் காற்றில் குட்டிக்கரணம் போட்டுப் பக்கவாட்டில் போய் மோதியிருந்தன.

அண்ணன் ராய்ஸ் அட்டையைப் பிய்த்து எடுத்து வேடிடம் காட்டினான். "பார்றா, என் தங்கச்சி சாவித் துவாரம் செஞ்சிருக்கா. இனிமே பூட்டு மட்டும் வாங்கினாப் போதும்."

வேட் எங்கள் பக்கத்துப் பண்ணைக்காரன். அவன் சிரிக்கவில்லை. ரைபிளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பண்ணை ஏலத்தில் ராய்ஸும் நானும் பாதிப் பாதி பணம் போட்டு எடுத்த, 'கிராக்' என்ற பழைய ராணுவ ரைபிள் அது. அதை வேடிடம் கொடுத்துவிட்டு பனியில் ஓட்டும் அவனுடைய ஸ்னோமொபில் வண்டியை வாங்கிக்கொள்ள வேண்டும் என்று ராய்ஸுக்கு ஆசை.

"குழாய் தேஞ்சு போச்சு தியா. விட்டுத் தள்ளு," என்றான் ராய்ஸ்.

"குழாய் நல்லாத்தான் இருக்கு. என் குண்டுலதான் ஏதோ தப்பு."

"சரி, அடுத்த ஞாயித்துக்கிழமை இதே இடம். அஞ்சும் ஒரு காப்பி டப்பா மூடிக்குள்ள விழுந்தா ரைபிள் நம்ம வீட்டுல இருக்கட்டும். இல்லேன்னா வேட் வண்டியில ஏத்திடுவான். அழக் கூடாது."

சரி என்றேன். சொன்ன கணமே ஏன் சொன்னோம் என்று இருந்தது.

ஈயத்துக்குப் பஞ்சமில்லை. நான் வேலை பார்க்கும் டயர் கடையில் சக்கரங்களிலிருந்து கழற்றிய எடைத் துண்டுகள் வாளி வாளியாகக் கிடக்கும். அவற்றை உருக்கி, அழுக்கை வழித்து, அச்சில் ஊற்றிக் குண்டு வார்த்தேன். ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன். ஈயத்தைக் கொஞ்சம் கடினமாக்கினேன். குண்டைச் சுற்றியுள்ள பள்ளங்களில் பூசும் மெழுகை மாற்றினேன். வெடிமருந்தைக் குறைத்தேன். வேலை முடிந்ததும் சுடுதளத்துக்குப் போய்ச் சுட்டேன். ஓட்டைகள் நீளமாகவே விழுந்தன.

குழாயையே சந்தேகித்து, மெத்தென்ற ஈயத் துண்டு ஒன்றை அதற்குள் அடித்துத் தள்ளி வெளியே எடுத்து அளந்தேன். குழாய் சராசரியை விட அகலம்தான். ஆனால் என் குண்டுகள் அதைவிட ஒரு மயிரிழை பெரியவை. குழாயின் சுவரை இறுக்கமாகப் பிடிக்க வேண்டும். ஏன் பிடிக்கவில்லை? மைக்ரோமீட்டரை நான் தப்பாகப் பிடிக்கிறேனோ என்று மாலை லேத் வகுப்பில் வேறு மைக்ரோமீட்டர் வாங்கி மறுபடி அளந்தேன். அதே எண். எனக்கு அழுகையாக வந்தது. சரியாக அளந்தும் தப்பாகப் போவதைவிட, தப்பாக அளந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை கோபத்தில் மீதித் தோட்டாக்களைப் பிரிக்க உட்கார்ந்தேன். மருந்தாவது மிஞ்சட்டும் என்றுதான். சுத்தியல் போன்ற கருவிக்குள் தோட்டாவை மாட்டித் தரையில் ஓங்கி அடித்தால் குண்டு கழன்று வரும். நாலைந்து அடியில் ஒன்று வந்தது. பழக்க தோஷத்தில் அதை அளந்தேன்.

எண் குறைவாக இருந்தது.

இன்னொன்றைப் பிரித்தேன். அதுவும் குறைவு. தோட்டாவின் பித்தளைக் கூட்டில் குண்டு உட்காரும் கழுத்து, கடையில் விற்கும் செம்பு உறை போட்ட குண்டுக்கென்று இறுக்கப்பட்டது. என் மெத்தென்ற ஈயம் உள்ளே நுழையும்போதே அது நெரித்துச் சிறிதாக்கியிருந்தது. ஒவ்வொன்றையும் உள்ளே போகும் முன் அளந்திருந்தேன். போன பிறகு ஒருமுறை கூட அளக்கவில்லை.

சனிக்கிழமை வகுப்பறையைத் திறக்கச் சொல்லிக் கெஞ்சி, கழுத்தை விரிக்க ராய்ஸின் பழைய முளையைவிடச் சற்றுத் தடித்த எஃகு முளை ஒன்றை லேத்தில் கடைந்தேன். அதைக் கழுத்துக்குள் செலுத்தி விரித்த பிறகு குண்டு நெரிபடாமல் உட்கார்ந்தது. ஒன்றைப் பிரித்து அளந்தேன். சரியாக இருந்தது. நம்பாமல் இன்னொன்றையும் பிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்தும் வட்டமாக விழுந்தன. ராய்ஸ் டப்பா மூடியை மேலே வைத்தான். எல்லாம் மறைந்தன. வேட் தன் வண்டியின் பின்கதவைச் சாத்தினான்.

"என்ன செஞ்சே?" என்றான் ராய்ஸ்.

"கழுத்துதான் காரணம். பித்தளை குண்டை நெரிச்சுடுது. அதனால ஒரு முளை கடைஞ்சு..."

"சூப்பர். இந்த சீசன் எல்க் மான் வேட்டைக்கு நான் இதைத்தான் எடுத்துட்டுப் போறேன்."

"அண்ணா, முதல்ல கேளு. உன் பழைய முளையை வச்சுக் கழுத்தை..."

"தெரியும், தெரியும். உன் குண்டு கொஞ்சம் கொடு, போதும். தோட்டா நானே செஞ்சுக்கிறேன்."

வியாழக்கிழமை அவன் சமையலறைக்குள் வந்து மேசைமேல் ஒரு அட்டையை வீசினான். எல்லாம் நீள ஓட்டைகள்.

"அப்பவே சொன்னேன்ல, குழாய் போச்சுன்னு? உனக்கு அன்னிக்கு அதிர்ஷ்டம். வேடும் இப்ப வேண்டாங்கிறான். இந்தக் குப்பையை நீயே வச்சுக்கோ. என் பாதியும் உனக்கே."

ரைபிள் என் கைக்கு வந்துவிட்டது. நான் கேட்டது அதுதான். ஆனாலும் பொறுக்கவில்லை.

"அண்ணா, ஞாயித்துக்கிழமையே சொன்னேன். கழுத்து!"

அவன் ஃப்ரிட்ஜுக்குள் தலையை விட்டு எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

"எந்தக் கழுத்து?" என்றான்.