கிரியேட்டின் கூடிருச்சு

என் மச்சான் வெள்ளைத்துரைக்கு எழுபது வயதில் ஜிம்முக்குப் போகும் புத்தி வந்தது. செல்லூரில் சிரிக்காத வாய் இல்லை. நானும்தான் சிரித்தேன். எதற்காகப் போனார் என்று தெரிந்தபிறகு அந்தச் சிரிப்பு வாயில் தங்கவில்லை.

என் அக்கா ஒச்சாயிக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. கட்டிலிலிருந்து தூக்கிக் குளிப்பாட்டி, சேலை மாற்றி, திரும்பக் கிடத்துவது வரை எல்லாம் மச்சான்தான். கீழமாசி வீதியில் காலமெல்லாம் மூட்டை தூக்கிய ஆள், வேறு யாரையும் தொட விடமாட்டார். ஒருநாள் கை நடுங்கி அக்காவைத் தரையில் போட்டுவிட்டார். அடி பெரிதாக இல்லை. சேதி மட்டும் பிள்ளைகளுக்குப் போய்விட்டது.

மூத்தவன் வீரணன் திருப்பூரில், இளையவன் விருமாண்டி ஓசூரில். இரண்டு பேரும் வந்து உட்கார்ந்து, ஆடு மாட்டைப் பிரிப்பதுபோலப் பெற்றவர்களைப் பங்கு வைத்தார்கள். அப்பா மூத்தவனுக்கு, அம்மா இளையவனுக்கு. எங்கள் பக்கம் இது புதிதில்லை. பிள்ளைகள் கைவிடவில்லை என்று ஊர் மெச்சும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எனக்குத் தூக்கத் தெம்பு இருக்குற வரைக்கும் அவ இங்கதான் இருப்பா" என்றார் மச்சான்.

"தெம்பு போச்சுன்னா?" என்று கேட்டான் வீரணன்.

மறுநாள் மச்சான், எங்கள் தெருவில் செல்வக்குமார் நடத்தும் ஜிம் வாசலில் நின்றார்.

செல்வக்குமார் நல்ல பையன். "வயசானா சதை கரையும் பெரியப்பா. கொஞ்சம் கொஞ்சமா எடை தூக்கிப் பழகுங்க. கிரியேட்டின்னு ஒரு பவுடர் இருக்கு, பயிற்சியோட சேந்தா உதவும். குடிச்சுட்டுச் சும்மா படுத்தா ஒண்ணும் ஆகாது. முதல்ல டாக்டரைப் பாத்து ரத்தத்தை டெஸ்ட் பண்ணிக்கங்க" என்றான். மச்சான் காதில் பவுடர் விழுந்தது, டாக்டர் விழவில்லை.

"எனக்கென்னப்பா சீக்கு? முதுகு வலிக்கு மாத்திரை போடுறேன், அம்புட்டுத்தான்."

அந்த மாத்திரையை மருந்துக்கடையில் அவராகவே கேட்டு வாங்கி வருசக்கணக்காக விழுங்கிக்கொண்டிருந்தார்.

சும்மா சொல்லக்கூடாது, ஆள் தேறினார். அக்காவை அலுங்காமல் தூக்கினார். "கெழவனுக்கு எளந்தாரின்னு நெனப்பு" என்று அவள் கோணிய வாயால் குழறிச் சிரித்தாள். படுத்தபிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. இந்த இரண்டு பேரையும் பிரிக்க ஒருத்தனால் முடியுமா என்று எனக்கே கர்வமாக இருந்தது.

இடையில் ஒரு காய்ச்சல் வந்தது. டாக்டரைப் பார்க்கப் போனவர் அல்வாப் பொட்டலத்தோடு திரும்பினார்.

"ரத்தத்துல கிரியேட்டின் கூடிருச்சாம் மாப்ள! டாக்டரே சொல்லிட்டாரு. பவுடர் உடம்புல ஒட்டிருச்சு."

"வேற என்ன மச்சான் சொன்னாரு?"

"அடுத்த வாரம் கட்டாயம் வரணும்னாரு. எதுக்கு? அதான் கூடிருச்சுல்ல."

டாக்டர் சொன்னது கிரியேட்டினின். அது கூடினால் சிறுநீரகத்தைச் சந்தேகப்பட வேண்டும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. கடைசியில் ஒட்டியிருந்த அந்த ஒரு 'இன்' மச்சான் காதில் நிற்கவில்லை. அடுத்த வாரம் அவர் போகவும் இல்லை.

கொஞ்ச நாளில் வேட்டியை ஏற்றிக் காட்டினார். "பாரு, கெண்டைக்கால் எம்புட்டுத் தேறிருக்கு!"

விரலால் அமுக்கினேன். குழி விழுந்தது, எழவே இல்லை.

"மச்சான், இது சதை இல்ல. நீரு."

"ஒனக்குப் பொறாமைடா" என்று எழுந்து போய்விட்டார். மூச்சு வாங்க ஆரம்பித்தபிறகுதான் ஆட்டோவில் ஏறச் சம்மதித்தார்.

"பவுடரை மட்டும் சொல்லிப் பிரயோசனம் இல்ல" என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். "கவனிக்காம விட்ட பிரஷர், வலி மாத்திரை எல்லாம் சேந்து கிட்னி முன்னாடியே கெட்டிருக்கு. வரச் சொன்ன அந்த வாரமே வந்திருந்தா இம்புட்டு தூரம் விட்டிருக்க மாட்டோம்." செல்வக்குமார் வராந்தாவில் நின்று குலுங்கிக் குலுங்கி அழுதான்.

இனிமேல் காலமெல்லாம் டயாலிசிஸ். பிள்ளைகள் வந்தார்கள். பழைய பங்கில் மாற்றமில்லை.

ஓசூர் கார் முதலில் வந்தது. விருமாண்டியும் டிரைவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அக்காவைத் தூக்கினார்கள். அவள் தலை பின்னால் தொங்கியது.

"கழுத்துக்குக் கை குடுறா! அவளுக்கு வலிக்கும்டா!" வாசற்படியில் உட்கார்ந்திருந்த மச்சான் கத்தினார்.

பின் சீட்டில் சாய்த்தபிறகு அக்கா நல்ல கையை வெளியே நீட்டினாள். "நீயும் ஏறுய்யா" என்றாள்.

மச்சான் எழப் பார்த்தார். முடியவில்லை. என்னைப் பார்த்தார்.

"என்னையத் தூக்கி அவ பக்கத்துல வச்சிரு மாப்ள."

வாழ்க்கையில் அவர் யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை. இரண்டு கையாலும் அள்ளித் தூக்கிக்கொண்டு காரருகே போனேன். விருமாண்டி கதவைச் சாத்தினான்.

"ரெண்டு பேரையும் வச்சு என்னால பாக்க முடியாது மாமா" என்றான்.

கார் தெருமுனை திரும்பும்போதும் மச்சான் என் கையில்தான் இருந்தார்.