இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை

விடியும்போது கன்று வெளியே வந்துவிட்டது. தாய்தான் எழவில்லை.

கன்று பின்னங்காலை முதலில் நீட்டியிருந்தது. டாக்டரம்மா வருவதற்குள் வெல்டர் கயிற்றைக் கட்டி இழுக்க ஆரம்பித்துவிட்டான். மாடு அவன் அக்காவுடையது. அவள் தையல்காரி. அந்த நிமிடமே தம்பியோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

மாட்டுக்கு மேனேஜர் என்று பெயர். யாரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இன்றைக்கு அதற்கும் தெம்பில்லை.

டாக்டரம்மா கழுத்தில் மருந்து ஏற்றி, பின்னங்கால்கள் அகலாதபடி துணியால் தளர்வாகக் கட்டினாள்.

"கன்னு வரும்போது இடுப்பு நரம்பு நசுங்கியிருக்கு. ஒரே பக்கம் படுத்துக் கிடந்தா அடியில மாட்டுற கால் வீணாயிடும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ பக்கம் மாத்திப் போடுங்க. சாயங்காலத்துக்குள்ள எழுந்தாத்தான் எனக்கு நம்பிக்கை."

காலில் கயிறு போட்டு ஒரே ஆள் புரட்டும் விதத்தையும் காட்டினாள். அக்காவும் தம்பியும் ஆளுக்கொரு மூலையில் நின்று கேட்டுக்கொண்டார்கள். 'நீ பார், நான் பார்க்கிறேன்' என்று பேசிவைத்துக்கொள்ள அங்கே பேச்சுதான் இல்லையே.

தொழுவத்தில் மணல் கொட்டி, வைக்கோலை முழங்கால் உயரத்துக்குப் பரப்பினாள் தையல்காரி. எட்டு மணிக்குக் கயிற்றைப் பிடித்து, சுவரில் காலை ஊன்றி இழுத்தாள். மேனேஜர் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் புரண்டது. கன்றுக்குச் சீம்பாலைக் கறந்து புகட்டிவிட்டு, உள்ளே போய் மெஷினில் உட்கார்ந்தாள்.

பத்து மணிக்கு வந்து பார்த்தால் மாடு இடப்பக்கம் படுத்திருந்தது.

தானே புரண்டிருக்கிறது. யாரிடமும் மூச்சு விடாமல் மறுபடி வலப்பக்கம் போட்டாள். பன்னிரண்டுக்கு வந்தால் திரும்பவும் இடப்பக்கம். வெல்லம் கரைத்த தண்ணீரை வாளியோடு வைத்தாள். மேனேஜர் பாதியைக் குடித்துவிட்டு மீதியை அவள் பாவாடையில் தும்மியது.

"உன் திமிரு எங்கயும் போகல," என்றாள். இரண்டு மணிக்கும் அதே அதிசயம். மெஷினில் உட்கார்ந்தபோது அவளுக்குப் பாட்டே வந்தது.

மூன்றரைக்கு டாக்டரம்மா வந்தாள்.

"மூணு தடவ தானாவே புரண்டிருக்கு டாக்டர்," என்றாள் தையல்காரி.

"நாலு தடவ," என்றான் பட்டறையிலிருந்து ஓடிவந்த வெல்டர், டாக்டரைப் பார்த்து. "காலையில இடப்பக்கம் கிடந்துச்சு, வந்து பாத்தா வலப்பக்கம். அப்புறமும் ஒவ்வொரு தடவையும் நான் இடப்பக்கம் போட்டுட்டுப் போறேன், வந்து பாத்தா வலப்பக்கம் படுத்திருக்கு."

டாக்டரம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நீங்க எப்பப்ப புரட்டுனீங்க?"

"எட்டு, பத்து, பன்னெண்டு, ரெண்டு," என்றாள் அக்கா.

"ஒம்பது, பதினொண்ணு, ஒண்ணு, மூணு," என்றான் தம்பி.

டாக்டரம்மா விரல்களை மடக்கி எண்ணினாள். எட்டு வந்தது.

தையல்காரி வைக்கோலில் உட்கார்ந்துவிட்டாள். காலையிலிருந்து கட்டிய கோட்டை ஒரே மூச்சில் சரிந்தது. மாடு தானாக ஓர் அங்குலம்கூட அசையவில்லை.

"ஏன் இப்படி இடிஞ்சு போறீங்க?" என்றாள் டாக்டரம்மா. "மணிக்கொரு தடவ புரட்டுறதுதான் நல்லது. சொன்னா யாரும் செய்ய மாட்டாங்கன்னுதான் ரெண்டுன்னு சொன்னேன். உங்க சண்டைக்குப் புண்ணியம். சரி, இன்னொரு தடவ போடுங்க."

வெல்டர் கயிற்றை எடுத்துக்கொண்டு குனிந்தான். ஒன்பதாவது தடவை. மேனேஜர் கயிற்றைப் பார்த்தது. அவனை ஏற இறங்கப் பார்த்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டது. பிறகு மூக்கால் ஒரு சீறல் விட்டு, பின்பாகத்தை மேலே தூக்கியது. கால்கள் வெடவெடத்தன. தையல்காரி பாய்ந்து இடுப்புக்குத் தோள் கொடுத்தாள். முன்னங்கால் ஒன்று ஊன்றியது. அடுத்ததும் ஊன்றியது, வெல்டரின் பாதத்தின் மேல்.

"அக்கா, கால எடுக்கச் சொல்லுக்கா."

காலையிலிருந்து அவன் அவளிடம் பேசிய முதல் வார்த்தை அது.

"நிக்கட்டும் விடுடா," என்றாள் அவள், முகமெல்லாம் வைக்கோலாக. "இப்பதான் நிக்குது."