லிட்டருக்கு நாலரை

லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்த லாரி நாலரை கொடுத்த அன்று, அதைச் சொல்ல அந்த டிரைவருக்கு ஓர் ஆள் கிடைக்கவில்லை. பங்க்கில் டீசல் பிடித்தவனிடம் சொன்னார். "சரிங்க, வண்டிய எடுங்க, பின்னாடி ஆள் நிக்கிறாங்க" என்றான் அவன். மூன்று மாத உழைப்புக்குக் கிடைத்த பாராட்டு அவ்வளவுதான்.

ஆள் கிடைக்கவில்லை என்றால் ஆளே இல்லை என்று அர்த்தமில்லை. இருந்தாள் ஒருத்தி. ஒன்றரை நாள் பயண தூரத்தில், மகள் வீட்டில், பேரனை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தாள், அவர் மனைவி. நாலரையை அவளிடம் சொல்லத்தான் மனுஷன் தவம் கிடந்தார். ஆனால் அவளோடு பேச்சு நின்று போயிருந்தது. நின்றதே இந்த மைலேஜால்தான்.

மைலேஜ் என்றால் அவருக்குக் கிறுக்கு. கூட ஓட்டுகிறவர்கள் அவருக்கு வைத்த பெயரே 'லிட்டர் அண்ணன்'. சொந்த லாரி, அதனால் கேட்பாரும் இல்லை. டீசல் குழாயில் காந்தம் கட்டினார். டேங்கில் ஏதோ பொடி போட்டார். ஸ்பெஷல் ஏர் ஃபில்டர் மாட்டினார். எதற்கும் லாரி அசைந்து கொடுக்கவில்லை. கடைசியில் ஒரு கண்காட்சியில் கையகலக் கறுப்புப் பெட்டி ஒன்று வாங்கினார். ஸ்டியரிங்குக்குக் கீழே செருகினால் பச்சை விளக்கு எரியும். இன்ஜினை அதுவே 'டியூன்' செய்துகொள்ளுமாம்.

அன்று மதியம் போனில் பெருமையாகச் சொன்னார். அவள் சிரித்துவிட்டாள்.

"ஏங்க, காந்தம் பொடின்னு உங்கள ஏமாத்துனது போதாதுன்னு இப்ப பெட்டியா? லைட் எரிஞ்சா டீசல் மிச்சமாகுமா?"

"லாரியப் பத்தி உனக்கு என்ன தெரியும்? பேசாம இரு."

சொல்லியிருக்கக் கூடாது. முப்பத்திரண்டு வருஷமாக அவர் ஓட்டின ஒவ்வொரு லாரியின் மூச்சையும் கேட்டவளிடம் அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

"பேசாம இருக்கணுமா? சரி. இனிமே அந்தப் பெட்டிகிட்டயே பேசிக்கோங்க" என்று வைத்துவிட்டாள்.

இவராவது திரும்பக் கூப்பிட்டாரா? மாட்டாரே! தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். மைலேஜ் ஏறட்டும், அப்புறம் பேசுகிறேன் என்று மனதுக்குள் சபதம் போட்டார். அவளுக்கும் வீம்பில் பங்கு பாதி உண்டு, அவளும் கூப்பிடவில்லை. நடுவில் மகள்தான் அல்லாடினாள்.

"அப்பா, ஒரு போன் பண்ணுனா என்ன கொறஞ்சா போயிடுவீங்க?"

"உங்கம்மாவ பண்ணச் சொல்லு."

"அம்மாவும் இதையேதான் சொல்றாங்க. ரெண்டு பேரும் எனக்குப் பொறந்த மாதிரியே நடந்துக்கறீங்க."

பிறகு நாட்கள் எப்படிப் போயின என்றால், போயின, அவ்வளவுதான். மதியம் லாரியை ஓரம் கட்டுவார். வாங்கி வந்த பொட்டலத்தைப் பிரித்து ஐந்து நிமிடத்தில் சாப்பிட்டு முடிப்பார். பிறகு என்ன செய்வது என்று தெரியாது. வண்டியை எடுத்துவிடுவார். சாயங்காலம் நிறுத்துமிடத்தில் மற்ற டிரைவர்கள் மரத்தடியில் சீட்டாடுகிற பக்கம் போய்க் கொஞ்சம் நின்று பார்ப்பார். வீட்டுக்குப் போகிற நாட்கள் இன்னும் மோசம். இரண்டு தலையணை, ஒன்றில் மட்டும் பள்ளம். கதவைத் தட்டும்போதே "யாரு?" என்று உள்ளிருந்து கேட்ட குரல் பேரன் பிறந்த பிறகு இல்லை, ஆனால் போனிலாவது இருந்ததே! இப்போது அதுவும் இல்லை. வீடா இது என்று அவருக்கு வெறுத்துப் போகும். ஒரே ஆறுதல், மைலேஜ் ஏறிக்கொண்டிருந்தது. நாலு. நாலே கால். பிறகு நாலரை.

ஜெயித்தாயிற்று. இருந்தாலும் அவள் லேசில் நம்புகிற ஆளில்லை, சாட்சி வேண்டும். சர்வீஸுக்கு விட்ட அன்று மெக்கானிக்கிடம் போனை நீட்டினார்.

"தம்பி, பெட்டி நல்லா வேலை செய்யுதுன்னு இதுல சொல்லு. ரெக்கார்ட் பண்ணி வீட்டுக்கு அனுப்பணும்."

"பாக்காம எப்படிண்ணே சொல்றது?" என்று மெக்கானிக் பெட்டியைப் பிடுங்கி, ஸ்குரூ டிரைவரால் நெம்பித் திறந்தான். உள்ளே ஒரு சின்ன பல்பு. அதற்கு இரண்டு ஒயர். கனமாக இருக்கட்டும் என்று ஒரு சிமெண்டுக் கட்டி.

"நல்ல சிமெண்டுதான்" என்றான் மெக்கானிக்.

டிரைவருக்கு முகம் சுண்டிப்போயிற்று. "அப்ப நாலரை எப்படி வந்துச்சு? பொய்யா சொல்றேன்? ஃபுல் டேங்க் அடிச்சு, ஃபுல் டேங்க் அடிச்சுப் பாத்தேன்!"

அது பொய்யில்லை என்று மெக்கானிக்குக்கும் தெரியும். லாரியின் கம்ப்யூட்டரில் தன் கருவியைச் செருகிப் பார்த்தான். ஓடின வேகம் பழைய வேகமே. டயர் காற்றும் அப்படியே. லோடும் அதே லோடு. போன சர்வீஸ் பேப்பரைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்தான். விரலை ஓட்டிக்கொண்டே வந்தவன் ஓரிடத்தில் நிறுத்தினான்.

"இங்க பாருங்கண்ணே. வண்டி நிக்குது, இன்ஜின் மட்டும் ஓடுது. போன சர்வீஸ்ல மூணு மாசத்துக்கு இருநூத்தி முப்பது மணி நேரம். இப்ப வெறும் பதினொண்ணு. நின்ன எடத்துல ஏசியப் போட்டு மணிக்கு ரெண்டரை லிட்டர் எரிச்சா மைலேஜ் எங்கேருந்து வரும்? அத நிறுத்திட்டீங்க, ஏறிடுச்சு. ஆமா, ஒரு நாளைக்கு மூணு மணி நேரம் அப்படி என்னதான் பண்ணுனீங்க?"

அவருக்குத் தெரியும்.

ரோட்டோரச் சத்தத்தில் அவள் குரல் சரியாகக் கேட்காது. கண்ணாடியை ஏற்றினால்தான் கேட்கும். ஏற்றினால் கேபின் வெந்துவிடும், ஏசி வேண்டும். ஏசிக்கு இன்ஜின் ஓட வேண்டும். மதியம் ஒரு மணி நேரம், சாயங்காலம் இரண்டு மணி நேரம். அப்படி என்ன பேசினார்கள்? ஒன்றும் இல்லை. பேரனுக்குப் பல் முளைத்தது, இவர் மாத்திரை போட்டாரா, என்ன லோடு, அவ்வளவுதான். பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். பிறகு அவள் போனை அலமாரியில் வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவுவாள். தண்ணீர் விழுகிற சத்தமும் கரண்டி உருள்கிற சத்தமும் கேட்கும். இவர் சீட்டைச் சாய்த்துக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருப்பார். நடுவில் "இருக்கீங்களா?" என்பாள். "இருக்கேன்" என்பார். இன்ஜின் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

மைலேஜ் வேட்டையில் இவ்வளவு காலம் இது மட்டும் அவர் கண்ணில் படவே இல்லை. நிற்கிற வண்டிக்கு ஏது மைலேஜ் என்று விட்டுவிட்டார் போல.

கையிலிருந்த போன் இன்னும் ரெக்கார்ட் செய்துகொண்டிருந்தது. அணைத்தார். "ஏண்ணே, ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டான் மெக்கானிக். "நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, திறந்து கிடந்த பெட்டியை அங்கேயே விட்டு வண்டியை எடுத்தார்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு வழக்கமான இடத்தில் நிறுத்தினார். இன்ஜினை அணைக்கவில்லை. கண்ணாடிகளை ஏற்றினார். ஏசியைப் போட்டார். போனை எடுத்தார், கீழே வைத்தார், மறுபடி எடுத்தார். ஐம்பத்தேழு வயசு ஆளுக்கு இவ்வளவு தயக்கமா என்று வெட்கமாக இருந்தது, அவளைக் கூப்பிட்டார். நாலாவது மணியில் எடுத்தாள். அவள்தான் முதலில் கேட்டாள்.

"வண்டி ஓடுற சத்தம் கேக்குது. ஓட்டிக்கிட்டேவா பேசுறீங்க?"

"இல்ல. நிறுத்திட்டேன். சும்மா ஓடுது."

"டீசல் போகாதா?"

"போகட்டும்."

அந்தப் பக்கம் ஒரு மூச்சு கேட்டது. "அந்தப் பெட்டி?"

"உள்ள சிமெண்டுதான் இருந்துச்சு. நீ சொன்னதுதான் சரி."

முப்பத்திரண்டு வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததே இல்லை. அவள் சிரிக்கவில்லை.

"அப்ப மைலேஜ் ஏறவே இல்லையா?"

"ஏறுச்சு. நாலரை." பெட்டி செருகியிருந்த இடத்தைத் தடவினார். "நீ பேசல இல்ல, அதான் ஏறுச்சு."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது. பிறகு போனை எதன் மேலோ வைத்தாள். குழாய் திறந்தது. பாத்திரங்கள் உருண்டன.

"இருக்கீங்களா?" என்று தூரத்திலிருந்து கேட்டாள்.

"இருக்கேன்" என்றார். சீட்டைச் சாய்த்துக்கொண்டார்.