இரண்டு மை

கல்லூரியில் அவருக்கு "ஒற்று" என்று பெயர். மாணவர்கள் வைத்தது. ஒரே ஒரு மெய்யெழுத்துக்காக வகுப்பு முடியும்வரை மல்லுக்கு நிற்கிற மனிதரை வேறு என்னவென்று கூப்பிடுவது? வழக்கொழிந்த மொழி, எப்போதோ மண்ணோடு மண்ணாகிப்போன ஞானிகள், கடவுளைப் பற்றி அவர்கள் போட்ட சண்டைகள், இவைதான் அவர் உலகம். கல்யாணமான புதிதில் மனைவி கேட்டேவிட்டாள்: "உயிரோட இருக்கிறவங்க யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?"

ஒருவரைத் தெரியும். அதே கல்லூரியில் தத்துவம் நடத்துகிற "தர்க்கம்". இருவருக்கும் ஒரே அறை, ஒரே மேஜை, ஒரே மின்விசிறி. அந்த விசிறி யார் பக்கம் திரும்ப வேண்டும் என்பதைத் தவிர வேறு எதற்கும் அவர்கள் முகம் கோணியதில்லை. வீட்டுக்கு வந்தால் தர்க்கம் ஒற்றின் மனைவியைத் "தங்கச்சி" என்பார். அவளும் "வாங்கண்ணா" என்று சொல்லிக்கொண்டே, சாப்பிட்டீர்களா என்றுகூடக் கேட்காமல் தட்டை எடுத்து வைப்பாள்.

ஒற்று தன் வாழ்நாளைக் கொட்டியது ஒரே ஒரு நூலில். கடவுளின் குணங்களைச் சொல்கிற பழைய இறைநூல். அதில் "இறைவன் வருந்தமாட்டான்" என்று ஒரு வரி. கல்லூரியை நடத்துகிற சபையின் போதனையில் பாதி அந்த ஒரு வரியின் மேல்தான் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. அந்த மொழியில் "மாட்டான்" என்பதற்குத் தனியாக ஒரு சொல் கிடையாது. வினைக்கு முன்னால் ஓர் எழுத்து ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான்.

அந்த நூலின் மிகப் பழைய பிரதி வெளியூர் நூலகம் ஒன்றில் இருந்தது. நண்பர்கள் இருவரும் சேர்ந்து போனார்கள். ஜன்னல் வெளிச்சத்தில் தாளைக் கொஞ்சம் சாய்த்ததும் ஒற்றின் கண்ணில் பட்டுவிட்டது. மற்ற எழுத்தெல்லாம் பழுப்பு. அந்த ஓர் எழுத்து மட்டும் கருப்பு. எந்தப் புண்ணியவானோ பின்னால் வந்து செருகிவிட்டுப் போயிருக்கிறான்.

"கடவுள் வருத்தப்படுவார்னுதான்டா எழுதியிருக்கான்!" என்று நண்பரின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

தர்க்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி குனிந்து பார்த்தார். "எழுது. யார் என்ன சொன்னாலும் நான் இருக்கேன்" என்றார்.

ஒற்று எழுதினார். புத்தகம் வந்ததும் சபை கொதித்தது. அதற்குள் நூலகத்தில் தாள் உதிர்கிறது என்று பிரதியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். இனி யாருக்கும் காட்டமாட்டார்களாம். கையில் மிஞ்சியது அந்தப் பக்கத்தின் பழைய புகைப்படம் ஒன்று மட்டும்.

விசாரணை வைத்தார்கள். தாளாளர் படத்தை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார். "எல்லா எழுத்தும் ஒரே மாதிரி கருப்பாத்தானே இருக்கு?"

"கருப்பு வெள்ளைப் படங்க. அதுல தக்காளியும் கருப்பாத்தான் விழும்."

யாரும் சிரிக்கவில்லை. நேரில் பார்த்த இன்னொருவர் சொன்னால் விட்டுவிடுகிறோம், இல்லையென்றால் எழுதியதை வாபஸ் வாங்க வேண்டும், மாட்டேன் என்றால் வேலை இல்லை என்றார் தாளாளர். ஒற்றுக்கு நிம்மதியாகிவிட்டது. இவ்வளவுதானா! நண்பர் பக்கம் கையைக் காட்டினார்.

தர்க்கம் எழுந்தார். மேஜை விரிப்பைப் பார்த்துக்கொண்டே பேசினார். "எனக்கு ஒரே மையாத்தான் தெரிஞ்சுதுங்க."

ஒற்று வாபஸ் வாங்கவில்லை. புத்தகங்களை அட்டைப்பெட்டிகளில் அடுக்கி வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். கொஞ்ச நாளில் தர்க்கம் கல்லூரி முதல்வரானார்.

இத்தனைக்குப் பிறகும் ஒற்று அவரை விட்டுக்கொடுக்கவில்லை. "பாவம், அவனுக்குக் கண்ணு சரியில்ல. அன்னைக்கு வெளியில மேகமா வேற இருந்துச்சு."

"கண்ணு தெரியாதவருக்கு முதல்வர் நாற்காலி மட்டும் எப்படித் தெரிஞ்சுதாம்?" என்றாள் மனைவி.

போகப் போக, தான் பார்த்ததுதான் தப்போ என்றுகூட நினைக்க ஆரம்பித்தார். கண் தன்னையே ஏமாற்றியிருக்கலாம், வெளிச்சம் ஏமாற்றியிருக்கலாம். வாழ்நாள் உழைப்பு வீண் என்றாலும் ஒருமாதிரி தாங்கிக்கொள்ளலாம். அவன் தெரிந்தே பொய் சொன்னான் என்பதைத் தாங்க அவரிடம் தெம்பில்லை.

ஒரு மத்தியானம் தர்க்கம் வந்தார். மனைவி கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். வந்தவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, சுற்றி வளைத்து விஷயத்துக்கு வந்தார்.

"அந்த நூலை சபை மறுபடி பதிப்பிக்குது. என் பேர்ல. அந்த வரிக்கு ஒரு அடிக்குறிப்பு வேணும்டா, ஒரே மைதான்னு. அந்தக் கையெழுத்தெல்லாம் உன் அளவுக்கு எனக்குப் பிடிபடாது. நீ எழுதிக் குடுத்தா..."

கேட்கிறான் பார், வெட்கமே இல்லாமல்! ஆனால் ஒற்றுக்குக் கோபம் வரவில்லை. பல நாளாக மனதுக்குள் போட்டு அரைத்துக்கொண்டிருந்ததைக் கேட்க இதுதான் சமயம் என்று பட்டது.

"அது கிடக்கட்டும். அன்னைக்கு மேகமா இருந்துச்சுல்ல? உனக்குச் சரியாத் தெரியல. அதானே?"

விடையைக் கையில் எடுத்தே கொடுத்துவிட்டார். தலையை ஆட்டினால் போதும். ஆட்டியிருந்தால் அந்த அடிக்குறிப்பைக்கூட எழுதிக் கொடுத்திருப்பார், சத்தியமாக.

தர்க்கத்துக்கு அது வேறு மாதிரி புரிந்தது. மனுஷன் தன் கண்ணையே சந்தேகப்பட்டு நொந்துபோயிருக்கிறான், ஆறுதல் சொல்ல வேண்டும் என்று நினைத்துவிட்டார். கண் கலங்க ஒற்றின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சேச்சே, அப்படியெல்லாம் மனசை விட்டுடாதே. நீ சொன்னதுதான்டா சரி. பளிச்சுன்னு தெரிஞ்சுது. கருப்பு மை, பின்னாடி போட்டது. உன்கிட்ட மட்டுமாவது சொல்லிடணும்னு இருந்தேன்."

ஒற்று கையை மெல்ல உருவிக்கொண்டார். வாழ்நாளெல்லாம் தேடியது சரி என்று, பார்த்த ஒரே சாட்சி சொல்லிவிட்டது. அதைக் கேட்டதும் ஒற்று எழுந்தார். போய்விட்டு வரச் சொல்லிக் கதவைத் திறந்துவிட்டார். வந்தவர் தெருவில் இறங்கியதும் தாழ்ப்பாளைப் போட்டார்.

மனைவி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தாள். "யாரு வந்தது? அண்ணன் குரல் மாதிரி கேட்டுச்சே?"

"அவன் இல்ல" என்றார். "காலேஜ்லேர்ந்து யாரோ."